கூலிங் கிளாஸ் ஹீரோ போட்டா ஸ்டைல்... தருமபுரி பையன் போட்டா தப்பா?

தருமபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தீங்கன்னா, தள்ளுவண்டியில வரிசையா கூலிங் கிளாஸ் தொங்குறதைப் பார்க்கலாம். காலேஜ் பசங்க ஒண்ணொண்ணா எடுத்து மாட்டி, மொபைல் ஃப்ரன்ட் கேமராவுல முகம் பார்த்து, பேரம் பேசி வாங்கிட்டுப் போவாங்க. அரூர் பஸ், பென்னாகரம் பஸ், பாலக்கோடு பஸ்னு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு செல்ஃபி. அவ்வளவுதான் விஷயம். இதுல அரசியல் எங்க இருக்குன்னு தோணும்.

என்கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் இருந்தான். படிப்பு முடிஞ்சதும் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். மாசம் ஒருமுறை ஊருக்கு வருவான். பஸ்ல வர்றவரைக்கும் கண்ணுல கூலிங் கிளாஸ் இருக்கும். ஊர் ஸ்டாப்பிங் வந்ததும் கழட்டி சட்டைப் பையில வெச்சுக்குவான். ஏன்டான்னு கேட்டா சிரிப்பான். பதில் சொன்னதில்லை. அந்தப் பதில் எனக்குப் புரிய சில வருஷம் ஆச்சு.

சினிமா நட்சத்திரங்களோட இமேஜ் சமூகத்தை மாத்துதா, இல்ல சமூகம் ஏற்கெனவே நினைக்கிறதைத்தான் திருப்பிக் காட்டுதா? டி.வி விவாதங்கள்ல இந்தக் கேள்வி அடிக்கடி வரும். சென்னையில உட்கார்ந்து பேசினா பதில் வழவழன்னுதான் இருக்கும். தருமபுரிக்கு வந்தா தெளிவா கிடைக்கும். காரணம், கடந்த 20-க்கும் மேற்பட்ட வருஷத்துல ஒரு நட்சத்திரத்தோட சிகரெட், ஒரு நடிகையோட பேட்டி, ஒரு கூலிங் கிளாஸ் மூணுமே இந்த வட்டாரத்தோட அரசியலைத் தொட்டிருக்கு.

சிகரெட்டைத் தூக்கிப் போட்ட தலைவர்

2002 ஆகஸ்ட் 15. ரஜினியோட 'பாபா' ரிலீஸ். படத்துல ரஜினி புகைபிடிக்கிறதும் குடிக்கிறதும் இளைஞர்களைக் கெடுக்கும்னு பா.ம.க நிறுவனர் ராமதாஸ் கடுமையா எதிர்த்தார். வட மாவட்டங்கள்ல சில தியேட்டர்கள்ல கட்சிக்காரங்க படச்சுருளைப் பறிச்சதும், திரையைக் கிழிச்சதும் நடந்தது. ரசிகர்கள் கொதிச்சாங்க. ரஜினி அப்போ பெரிசா எதுவும் பேசலை.

அவர் பேசினது 2004 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்துல. பா.ம.க நிக்குற 6 தொகுதிகள்லயும் அந்தக் கட்சிக்கு எதிரா ரசிகர்கள் வேலை செய்யலாம்னார். அந்த ஆறுல ஒண்ணு தருமபுரி.

இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. ரஜினியோட பெற்றோர் ஊர்னு சொல்லப்படுற நாச்சிக்குப்பம், வேப்பனஹள்ளி பக்கம் இருக்கு. இன்னைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். ஆனா, கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சதே 2004 பிப்ரவரி 9-லதான். அதுக்கு முன்னாடி அது தருமபுரி மாவட்டம். அதாவது, சூப்பர் ஸ்டார் சவால் விட்டது கிட்டத்தட்ட சொந்த மண்ணுல!

ரிசல்ட் என்ன ஆச்சு? பா.ம.க ஆறுக்கு ஆறு ஜெயிச்சது. தருமபுரியும் அதுல அடக்கம்.

'பார்த்தீங்களா, நட்சத்திர இமேஜ் எல்லாம் வெறும் மாயை'னு உடனே சொல்லிடலாம். கொஞ்சம் பொறுங்க. அந்தத் தேர்தல்ல தி.மு.க கூட்டணி தமிழ்நாடு, புதுச்சேரி சேர்த்து 40-க்கு 40 ஜெயிச்சது. அலை அப்படி. அதனால ரஜினி மட்டும் தோத்தார்னு சொல்றது நியாயமில்லை. ஆனா ஒரு விஷயம் உறுதியாச்சு. 'தலைவா'ன்னு விசிலடிச்ச அதே கை, ஓட்டு மெஷின்ல வேற கணக்கு போடும். சாதி, கூட்டணி, விவசாயக் கடன், தண்ணிப் பிரச்னை எல்லாம் அந்தக் கணக்குல வரும். ஸ்டைல் அதுல ஒரு ஓரமா நிக்கும்.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். தேர்தல்ல தோத்த பக்கம் ரஜினி நின்னார். ஆனா சிகரெட் விவாதத்துல யார் ஜெயிச்சா? அடுத்து வந்த 'சந்திரமுகி'லயும் (2005), 'சிவாஜி'லயும் (2007) தூக்கிப் போட்டுப் பிடிக்கிற சிகரெட் இல்லை. 'சிவாஜி'யில அந்த இடத்துக்கு காசும் சூயிங்கமும் வந்தது. ஒரு தலைமுறையே காப்பியடிச்ச அடையாளத்தை ஹீரோ தானா கழட்டி வெச்சார்.

மத்திய சுகாதார அமைச்சரா இருந்த அன்புமணி ராமதாஸ் காலத்துல, 2005-ல், திரையில புகைபிடிக்கிற காட்சிகளுக்கே தடை கொண்டுவந்தாங்க. 2009 ஜனவரியில டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது. ஆனா விவாதம் நிக்கலை. படம் ஆரம்பிக்கும்போது ஓடுற எச்சரிக்கைப் படமும், காட்சிக்குக் கீழ வர்ற வாசகமும் அதோட தொடர்ச்சிதான். 2018-ல விஜய் 'சர்கார்' ஃபர்ஸ்ட் லுக் சிகரெட்டோட வந்து, எதிர்ப்புக்கும் சுகாதாரத்துறை நோட்டீஸுக்கும் அப்புறம் சமூக வலைதளத்துல இருந்து எடுக்கப்பட்டது ஞாபகம் இருக்கும்.

இந்த எதிர்ப்புல நியாயம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. படங்கள்ல புகைபிடிக்கிறதைப் பார்க்கிறதுக்கும், சின்ன வயசுல புகைபிடிக்க ஆரம்பிக்கிறதுக்கும் காரண காரியத் தொடர்பு இருக்குன்னு அமெரிக்க சர்ஜன் ஜெனரலோட 2012 அறிக்கை முடிவுக்கு வந்தது. ஹீரோ செய்யுறதை ரசிகன் செய்வான். இதை இப்போதைக்கு மனசுல வெச்சுக்கோங்க. ஏன்னா, அடுத்த கதை அதே வாதத்தை வேற இடத்துல கொண்டுபோய் நிறுத்துது.

ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ்

2012 நவம்பர் 7. தருமபுரி பக்கத்துல நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. சாதி மாறி நடந்த ஒரு கல்யாணம். பெண்ணோட அப்பா தற்கொலை. அன்னிக்கு சாயந்திரம் இந்த மூணு தலித் குடியிருப்புகள்ல 250-க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டு, சூறையாடப்பட்டன. அடுத்த வருஷம் ஜூலை 4-ம் தேதி அந்தப் பையன் தருமபுரியில ரயில் தண்டவாளத்தோரம் சடலமா கிடந்தான். இந்தியா முழுக்க தருமபுரிங்கிற பேர் அடிபட்டது அதுக்காகத்தான்.

இந்தச் சம்பவத்தை ஒட்டி 2012 இறுதியில ராமதாஸ் முன்வெச்ச குற்றச்சாட்டு, தமிழ்நாட்டு அரசியல்ல ஒரு சொற்றொடராவே நின்னுடுச்சு. தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு மத்த சாதிப் பெண்களைக் காதல் நாடகமாடி ஏமாத்துறாங்கங்கிறது அதோட சாரம். அப்போ புழக்கத்துக்கு வந்த சொல்தான் 'நாடகக் காதல்'.

இப்போ கூலிங் கிளாஸோட சரித்திரத்தைப் பாருங்க. எம்.ஜி.ஆர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாம வெளிய வந்ததே இல்லை. அந்த முகத்தோடதான் முதலமைச்சரா இருந்தார். வசனகர்த்தாவா இருந்து முதல்வரான கருணாநிதியும் கறுப்புக் கண்ணாடிதான். ரஜினி கண்ணாடியைச் சுழற்றி மாட்டினா தியேட்டர் அதிரும். ஊர்த் தேர் திருவிழா ஃப்ளெக்ஸ்ல நிக்குற பெரிய வீட்டுப் பையனும் கூலிங் கிளாஸோடதான் நிக்குறான். இவங்க யாரையும் யாரும் கேள்வி கேட்கலை.

ஆக, பிரச்னை கண்ணாடியில இல்லை. அது யார் கண்ணுல இருக்குங்கிறதுல இருக்கு.

சிகரெட்டுக்கும் கூலிங் கிளாஸுக்கும் ஒரே வாதம்தான் வெச்சாங்க: சினிமாவைப் பார்த்து பசங்க கெட்டுப் போறாங்க. ஆனா சிகரெட் நுரையீரலைக் கெடுக்கும். கூலிங் கிளாஸ் எதைக் கெடுக்கும்? யோசிச்சா ஒரே பதில்தான் வருது. 'நம்மளைப் பார்த்தா தலை குனியணும்'ங்கிற பழைய ஏற்பாட்டை அது கெடுக்கும். கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற கண்ணு எங்க பார்க்குது, குனியுதா நிமிருதான்னு எதிர்ல இருக்கிறவருக்குத் தெரியாது. அதுதான் உறுத்தல்.

இன்னொண்ணும் இருக்கு. தருமபுரி மானாவாரி பூமி. மழையை நம்பின விவசாயம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல எழுத்தறிவுல தமிழ்நாட்டுல கடைசி இடத்துல இருந்த மாவட்டம். இங்க நிலம் யார்கிட்ட இருக்கோ, அவங்ககிட்ட கூலிக்குப் போகணும்ங்கிறதுதான் பல தலைமுறையா நடந்தது. அதை மாத்தினது பெங்களூரும் திருப்பூரும். கட்டட வேலை, கம்பெனி வேலைன்னு வெளிய போய் சம்பாதிச்ச காசுல காலனிகள்ல மாடி வீடு, பைக், டி.வி எல்லாம் வந்தது. 2012-ல எரிஞ்சது அந்தச் சம்பாத்தியமும் சேர்ந்துதான். ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் சினிமாவுல இருந்து வந்த ஸ்டைல்தான். ஆனா அதை வாங்குற காசு சினிமாவுல இருந்து வரலை, பெங்களூர் சம்பளத்துல இருந்து வந்தது. ஊர் ஆண்டையோட கூலியை நம்பாத ஒரு வாழ்க்கையை அந்தக் கண்ணாடி விளம்பரப்படுத்தினது. என் நண்பன் அதை ஏன் பஸ் ஸ்டாப்பிங்ல கழட்டினான்னு இப்போ உங்களுக்கும் புரிஞ்சிருக்கும்.

அந்தப் பொண்ணைக் கேட்டாங்களா?

'கூலிங் கிளாஸைப் பார்த்து மயங்கிட்டா'ங்கிற வாதத்துல இன்னொருத்தரும் அவமானப்படுறார். அவர் அந்தப் பெண். அவளுக்குன்னு ஒரு மூளை, ஒரு முடிவு இருக்க முடியும்னு அந்த வாக்கியம் யோசிக்கவே இல்லை. கண்ணாடியைப் பார்த்து கவுந்துடுற பொம்மையா அவளை நினைக்குது. தமிழ் சினிமா ஹீரோ அறிமுகக் காட்சியில ஹீரோயினைக் காட்டுற மாதிரியேதான். இங்க சமூகமும் சினிமாவும் கைகோத்து நிக்குது.

இதுக்கு முன்னாடியே இதைப் பார்த்தோம். 2005-ல குஷ்பு 'இந்தியா டுடே' தமிழ்ப் பதிப்புக்கு ஒரு கருத்து சொன்னார். கல்யாணத்துக்கு முன்னாடி உறவு வெச்சுக்கிறவங்க பாதுகாப்போட இருக்கணும், படிச்ச ஆண் மனைவியோட கன்னித்தன்மையை எதிர்பார்க்கக் கூடாதுங்கிற பொருள்ல. அவ்வளவுதான். செருப்பும் துடைப்பமும் தூக்கி ஆர்ப்பாட்டம் நடந்தது. தமிழ்நாடு முழுக்க வழக்கு மேல வழக்கு. தருமபுரிக்குப் பக்கத்துல இருக்கிற மேட்டூர் கோர்ட்டுக்கு அவர் வந்தப்போ முட்டையும் தக்காளியும் பறந்தது. ஒருகாலத்துல இதே நடிகைக்குத்தான் திருச்சி பக்கம் ரசிகர்கள் கோயில் கட்டினாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, அப்போ போராட்டத்துல முன்னாடி நின்னது யார்ங்கிறது. பா.ம.க, விடுதலைச் சிறுத்தைகள் ரெண்டும் ஒரே பக்கம். ஏழு வருஷம் கழிச்சு தருமபுரி விஷயத்துல எதிரெதிர் முனையில நின்ன அதே ரெண்டு கட்சிகள், ஒரு நடிகை பெண்ணோட உடம்பைப் பத்தி வாய் திறந்தப்போ ஒண்ணா நின்னாங்க. சாதியில சண்டை போட்டுக்கிறவங்களும் 'பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்'ங்கிறதுல சமாதானமாகிடுறாங்க.

2010 ஏப்ரல் 28-ல உச்ச நீதிமன்றம் குஷ்பு மீதான 23 வழக்குகளையும் ரத்து செஞ்சது. கருத்து பிடிக்கலைங்கிறது வேற, குற்றம்ங்கிறது வேறங்கிறது அந்தத் தீர்ப்போட சாரம். ஆனா அஞ்சு வருஷம் அவர் கோர்ட் படி ஏறினார். ஹீரோ சிகரெட் பிடிச்சதுக்கு அந்த மாதிரி 23 வழக்கு வரலை.

தருமபுரிக்கு இது வெறும் சினிமாச் செய்தி இல்லை. 2001 கணக்கெடுப்புல இந்த மாவட்டத்துல 6 வயசு வரைக்குமான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தாங்க. தொட்டில் குழந்தைத் திட்டம் விரிவாக்கப்பட்ட மாவட்டங்கள்ல தருமபுரியும் ஒண்ணு. 2011-ல அந்த எண்ணிக்கை 913 ஆச்சு. பெரிய முன்னேற்றம்தான். ஆனா அன்னிக்குப் பிறக்க அனுமதி கிடைச்ச பெண் குழந்தைங்கதான் இன்னைக்கு காலேஜ்ல, பேருந்துல, இன்ஸ்டாவுல இருக்காங்க. ரீல் போடுறாங்க. 'துப்பட்டா எங்க?'ன்னு கமென்ட் வாங்குறாங்க. பிறக்கவே போராடினவங்களுக்கு, எப்படி நிக்கணும், எப்படி ஆடணும்னு இன்னமும் யாராவது பாடம் நடத்திட்டுத்தான் இருக்காங்க.

மாற்றம் இல்லாமலும் இல்லை. முகப்பருவோட, மேக்கப் இல்லாம 'பிரேம'த்துல வந்த சாய் பல்லவி, கோடிக்கணக்குல சம்பளம் பேசப்பட்ட ஃபேர்னஸ் கிரீம் விளம்பரத்தை வேண்டாம்னு சொன்னதை 2019-ல உறுதி செஞ்சார். 'வெள்ளையா இருந்தாதான் வரன் அமையும்'னு கேட்டு வளர்ந்த ஒரு பென்னாகரம் பொண்ணுக்கு, அந்த 'நோ' ஒரு பிரசங்கத்தைவிடப் பெரிசு.

கறுப்பு, கோட், கபாலி

நிறம்னு வந்தா தமிழ் சினிமா ஹீரோக்கள் விஷயத்துல கொஞ்சம் முன்னாடியே மாறிடுச்சு. பெரிய ஹீரோன்னா சிவப்பா இருக்கணும்ங்கிறதை உடைச்சவர் ரஜினி. அடுத்து விஜயகாந்த். 'கறுப்பு எம்.ஜி.ஆர்'னே கூப்பிட்டாங்க. அவருக்கும் தருமபுரிக்கும் ஒரு கணக்கு இருக்கு. 2005-ல கட்சி ஆரம்பிச்சார். 2006 தீபாவளிக்கு பேரரசு இயக்கத்துல 'தருமபுரி'ன்னே படம் வந்தது. 2011-ல அ.தி.மு.க கூட்டணியில தருமபுரி சட்டமன்றத் தொகுதியை அவரோட தே.மு.தி.க, பா.ம.க-வைத் தோற்கடிச்சு வாங்கினது. ரஜினியால முடியாதது விஜயகாந்தால முடிஞ்சதுன்னு சொல்ல வரலை. கட்சி, கிளை, கூட்டணின்னு தரையில வேலை பார்த்தப்போதான் இமேஜ் ஓட்டா மாறினதுங்கிறதைச் சொல்றேன்.

ஆனா ஹீரோ கறுப்பா இருக்கிறது மட்டும் போதாது. அந்தக் கறுப்பு ஹீரோ எந்தச் சாதிப் பெருமையைப் பேசினார்ங்கிற கேள்வி இருக்கு. 90-கள்ல நாட்டாமை, சின்னக்கவுண்டர், தேவர் மகன்னு ஹீரோ பெரும்பாலும் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்தான். சொம்பும் துண்டும் மீசையும் அவரோட யூனிஃபார்ம்.

2016-ல அந்த யூனிஃபார்மை மாத்தினது 'கபாலி'. பா.இரஞ்சித் இயக்கத்துல ரஜினி கோட் சூட்டுல வந்தார். காந்தி சட்டையைக் கழட்டினதுக்கும், அம்பேத்கர் கோட் போட்டதுக்கும் பின்னாடி அரசியல் இருக்குன்னு பேசினார். சிறையில அவர் கையில இருந்த புத்தகம், ஒரு தலித் குடும்பத்தோட வரலாறைச் சொல்ற 'மை ஃபாதர் பாலய்யா'. நத்தம் காலனி எரிஞ்சு நாலு வருஷம்கூட ஆகலை. ஜீன்ஸ், கூலிங் கிளாஸ் போட்டதுக்காகத் திட்டு வாங்கின பையன், தமிழ்நாட்டோட பெரிய நட்சத்திரமே 'நல்லா உடுத்துறது என் உரிமை'ங்கிற அர்த்தத்துல கால் மேல கால் போட்டு உட்கார்றதைத் திரையில பார்த்தான். அந்தக் காட்சிக்கு தியேட்டர்ல விழுந்த கைத்தட்டலை வெறும் ரசிகர் கூச்சல்னு சொல்லிட முடியாது.

ஆனா, இங்கயும் ஒரு 'ஆனா' இருக்கு. 2018 மே 22-ல தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு. 13 பேர் பலி. அங்க போய்ட்டு வந்த ரஜினி, போராட்டத்துல சமூக விரோதிகள் புகுந்துட்டாங்கன்னார். எதுக்கெடுத்தாலும் போராட்டம்னா தமிழ்நாடு தாங்காதுங்கிற மாதிரி பேசினார். கிட்டத்தட்ட ஒரு வாரத்துல, ஜூன் 7-ல, 'காலா' ரிலீஸ். அதுல நிலத்துக்காக மக்களைத் திரட்டிப் போராடுற தலைவர் அவர். திரையில இருக்கிற ரஜினியும் ஏர்போர்ட்ல பேசின ரஜினியும் ஒரே வாரத்துல மோதிக்கிட்டாங்க.

இதை 'துரோகம்'னு திட்டுறதும் வேண்டாம், 'அது நடிப்பு சார்'னு தள்ளிவிடுறதும் வேண்டாம். ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-லயே எம்.ஜி.ஆர் பத்தி 'தி இமேஜ் ட்ராப்'னு ஒரு புத்தகம் எழுதினார். திரையில ஏழைப் பங்காளனா இருந்த இமேஜுக்கும் ஆட்சியில ஏழைகளுக்கு நடந்ததுக்கும் நடுவுல இருந்த இடைவெளியைத்தான் அவர் அலசினார். புத்தகத்தோட தலைப்பே சொல்லுது, இமேஜ் ஒரு பொறி. மாட்டிக்கிறது ரசிகன் மட்டும்தானா, நட்சத்திரமுமாங்கிறதுதான் கேள்வி.

இதுல வேடிக்கை என்னன்னா, நட்சத்திரங்களை விமர்சிச்ச அரசியலும் அந்தப் பொறியில இருந்து தப்பலை. 2016 சட்டமன்றத் தேர்தலுக்கு 'மாற்றம் முன்னேற்றம் அன்புமணி'ன்னு பா.ம.க செஞ்ச விளம்பரம் ஞாபகம் இருக்கா? மாஸ் ஹீரோ என்ட்ரி மாதிரி போஸ்டர், ஸ்டைலான நடை, ஒரே முகம். மீம் போடாதவங்க பாக்கி இல்லை. முதல்வர் வேட்பாளரா அவர் நின்னது தருமபுரி மாவட்டத்துல பென்னாகரம் தொகுதி. ரெண்டு வருஷம் முன்னாடி அவரை எம்.பி ஆக்கின அதே மாவட்டம், அந்தத் தடவை ஜெயிக்க வைக்கலை. ரஜினிக்கு சொன்ன பாடத்தை தருமபுரி எல்லாருக்கும்தான் சொல்லுது.

இப்போ கண்ணாடி உங்க கையில

இதுவரைக்கும் பேசினது நட்சத்திரம் செய்யும், ரசிகன் பார்ப்பான்ங்கிற காலம். இப்போ அது முடிஞ்சிடுச்சு. நட்சத்திரத்தோட இமேஜை இன்னைக்கு உருவாக்குறது எடிட்டிங் ஆப் வெச்சிருக்கிற நீங்களும் நானும்தான்.

2023-ல 'மாமன்னன்' வந்தது. மாரி செல்வராஜ் படம். காமெடியன்னு மட்டுமே நாம சிரிச்ச வடிவேலு, தலித் எம்.எல்.ஏ-வா, பேசாமலே அழவைக்கிற அப்பாவா வந்தார். ஒரு நடிகரோட இமேஜையே தலைகீழா திருப்பின படம். ஆனா ஜூலை கடைசியில ஓ.டி.டி-க்கு வந்ததும் நடந்தது என்ன? படத்தோட சாதி வெறி பிடிச்ச வில்லன் ரத்னவேலு கேரக்டரை, அதாவது ஃபகத் ஃபாசிலை, ஹீரோவாக்கி எடிட் எடிட்டா பறந்தது. பின்னணியில ஆளுக்கொரு சாதிப் பெருமைப் பாட்டு. ஒரே வில்லனை, வேற வேற சாதிப் பசங்க 'எங்காளு'ன்னு உரிமை கொண்டாடினாங்க. சாதிக்கு எதிரா எடுத்த படத்தோட க்ளிப், சாதிக்கு விளம்பரமா மாறினது.

டைரக்டர் என்ன நினைச்சார், நடிகர் என்ன நினைச்சார்ங்கிறது அங்க செல்லுபடி ஆகலை. 30 செகண்ட் வீடியோவுல யார் எந்தப் பாட்டைச் சேர்த்தாங்கங்கிறதுதான் செல்லுபடி ஆச்சு.

பள்ளிகள்ல சாதி மோதலைத் தடுக்க அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டுற கலர் கயிறு கட்டக் கூடாதுன்னு அது பரிந்துரை செஞ்சது. கவனிச்சீங்களா? 2012-ல ஒரு பையனோட கண்ணாடி பிரச்னை. 2024-ல பசங்களோட கயிறு பிரச்னை. ரெண்டும் உடம்புல மாட்டுற பொருள்தான். ஆனா ஒண்ணு சாதியைத் தாண்டிப் போகப் போட்டது, இன்னொண்ணு சாதிக்குள்ளயே நிக்கக் கட்டினது. ரெண்டையும் ஒரே மாதிரி 'இந்தக் காலத்துப் பசங்க'ன்னு திட்டினா, நாம எதையும் புரிஞ்சுக்கலைன்னு அர்த்தம்.

கூட்டத்தோட ஆபத்தையும் மறக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 27-ல கரூர்ல விஜய் பிரசாரக் கூட்டத்து நெரிசல்ல 41 உயிர் போச்சு. யார் பொறுப்புங்கிறதை விசாரணை பார்க்கட்டும். ஆனா, ஒரு முகத்தை ஒரு நொடி நேர்ல பார்க்கணும்ங்கிற ஆசை எவ்வளவு விலை கேட்கும்ங்கிறதை அந்த ராத்திரி காட்டிடுச்சு. இமேஜுக்கு உயிர் இல்லை. கீழ நிக்கிறவங்களுக்கு இருக்கு.

அப்போ ஸ்டார் எதுக்கு?

நட்சத்திரம் சமூகத்தைத் திருத்துற வாத்தியார் கிடையாது. அவரை நம்பி ஓட்டும் போட வேண்டாம், அவர் பேசலைன்னு உடைஞ்சும் போக வேண்டாம். ஆனா அவர் ஒரு விஷயத்தைச் செய்ய முடியும். 'இப்படியும் இருக்கலாம்'னு காட்ட முடியும். சிகரெட் இல்லாமலும் மாஸா இருக்கலாம். கறுப்பா இருந்தும் அழகா இருக்கலாம். கோட் போட்டு கால் மேல கால் போடலாம். ஒரு பெண் தன் உடம்பைப் பத்திப் பேசலாம். அதைக் காட்டுறதோட அவர் வேலை முடிஞ்சது.

அதுக்கப்புறம் அதைத் தெருவுல நடந்து காட்டுறது சாதாரண மனுஷங்க. அவங்களுக்கு பவுன்சர் கிடையாது, கேரவன் கிடையாது. ஸ்கிரிப்ட்ல க்ளைமாக்ஸ் எழுதி வெச்சிருக்கிற டைரக்டரும் கிடையாது. திரையில கண்ணாடி போட்டவருக்கு விசில். அதே கண்ணாடியை நத்தம் காலனியில போட்டவனுக்கு என்ன கிடைச்சதுன்னு பார்த்தோம். உண்மையான ரிஸ்க் எடுத்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

என் நண்பன் இப்போ ஊருக்கு வரும்போது கூலிங் கிளாஸைக் கழட்டுறானான்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டு போன தீபாவளிக்கு பஸ் ஸ்டாண்டுல காத்திருந்தேன். பைக்ல வந்தான். முன்னாடி டேங்க் மேல அவன் பொண்ணு உட்கார்ந்திருந்தா. நாலு வயசு இருக்கும். அப்பாவோட கூலிங் கிளாஸ் அவ மூக்குல நிக்காம வழுக்கிட்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒத்தை விரலால மேல தள்ளிவிட்டுக்கிட்டா.

ஊர் ஸ்டாப்பிங் தாண்டிப் போனாங்க. யாரும் கழட்டலை.